வி-வால்

வி-வால் என்பது வானூர்திகளின் வால் அமைப்புகளுள் ஒன்றாகும். வழமையான வானூர்தியின் வாலில் கிடையாக இரண்டும் செங்குத்தாக ஒன்றுமாக மூன்று பரப்புகள் இருக்கும். வி-வாலில் இவற்றுக்குப் பதிலாக, 'வி' என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் சாய்ந்த இரண்டு பரப்புகள் மட்டுமே உள்ளன. இவ்வமைப்பைக் கொண்ட சிறு வானூர்திகளுள் பெரிதும் அறியப்பட்டது அமெரிக்காவின் பீச்கிராஃப்ட் பொனான்சா 35 ஆகும்.

செயற்பாடு

வழமையான வாலில் உயர்த்தி வானூர்தியின் மூக்கை மேலும் கீழும் அசைக்கிறது. சுக்கான் இடமும் வலமும் திருப்புகிறது. வி-வாலில் இவ்விரு பணிகளையும் 'ரட்டர்வேட்டர்' எனப்படும் ஒரே சோடி அசையும் பரப்புகள் செய்கின்றன.

விமானி கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் தன்பக்கம் இழுத்தால் இரண்டும் ஒருசேர மேலெழும், மூக்கு உயரும். வலது மிதியை அழுத்தினால் வலப்பரப்பு கீழும் இடப்பரப்பு மேலும் நகரும். மூக்கு வலப்பக்கம் திரும்பும். இரு கட்டளைகளும் ஒரே நேரத்தில் வரும்போது அவற்றைக் கூட்டித்தர ஒரு கலப்புப் பொறிமுறை தேவைப்படுகிறது.

மிதியை அழுத்தும்போது, திரும்பும் திசைக்கு எதிர்த்திசையில் வானூர்தியை உருட்டும் விசையும் தோன்றுகிறது. தலைகீழ் வி-வாலில் இவ்விளைவு திரும்பும் திசைக்குச் சாதகமாக அமையும்.

வரலாறு

போலந்துப் பொறியியலாளர் யெர்சி ருட்லிட்ஸ்கி 1930 இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1931 இல் மாற்றியமைக்கப்பட்ட ஒரு பயிற்சி வானூர்தியில் இது சோதிக்கப்பட்டது. பொனான்சா 1945 திசம்பர் 22 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1947 இல் விற்பனைக்கு வந்தது.

நன்மைகளும் குறைகளும்

பரப்புகளின் எண்ணிக்கை குறைவதால் அவை உடற்பகுதியுடன் இணையும் இடங்களில் உண்டாகும் இழுவை குறைகிறது. எனினும் மூன்று பரப்புகளின் பணியை இரண்டு செய்யவேண்டியிருப்பதால் ஒவ்வொன்றும் பெரிதாக அமையவேண்டும். ஆகவே மொத்தப் பரப்பளவில் கிடைக்கும் சேமிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவே. கொந்தளிப்பான காற்றில் பொனான்சாவின் வால் இடமும் வலமும் ஆடுவது பயணிகள் நன்கறிந்த குறையாகும்.

கட்டமைப்புச் சிக்கல்

1951 இல் வெளிவந்த சி35 வகையில் வால் பரப்புகள் முன்புறமாக அகலப்படுத்தப்பட்டன. ஆனால் அவற்றைத் தாங்கும் முன்சட்டம் பழைய இடத்திலேயே இருந்தது. முன்விளிம்பின் அடிப்பகுதி உடற்பகுதியுடன் பிணைக்கப்படவில்லை. பொனான்சா இழுவை குறைந்த வானூர்தியாதலால் மூக்கு தாழ்ந்தவுடன் விரைவாக வேகம் கூடும். மேகத்தினுள் கட்டுப்பாட்டை இழந்த விமானிகள் வேக எல்லையைக் கடந்தபோது, வால் முறிந்து வானிலேயே வானூர்தி சிதைந்த விபத்துகள் பல நிகழ்ந்தன.

இதையடுத்து முன்விளிம்பின் அடியை உடற்பகுதியுடன் இணைக்கும் வலுவூட்டல் உறைகளைப் பொருத்துமாறு அமெரிக்கக் கூட்டரசு வான்போக்குவரத்து நிர்வாகம் 1987 இல் கட்டாய ஆணை பிறப்பித்தது. ரட்டர்வேட்டர்களின் எடைச் சமநிலையும் இன்றியமையாதது. மீண்டும் வண்ணம் பூசியபின் அதைச் சரிபார்க்காவிடின், அவை பறக்கும்போது கடுமையாக அதிர்ந்து வாலை முறிக்கக்கூடும்.

பொனான்சாவின் வழமையான வால் கொண்ட வகைகள் தொடர்ந்தபோதும், வி-வால் வகையின் உற்பத்தி 1982 இல் முடிவுற்றது.

பிற வானூர்திகள்

1952 இல் முதலில் பறந்த பிரான்சின் ஃபூகா மஜிஸ்டர் பயிற்சித் தாரை வானூர்தியும், 2016 இல் சான்றளிக்கப்பட்ட அமெரிக்காவின் சிரஸ் விசன் சிறு தாரை வானூர்தியும் வி-வால் கொண்டவை. சிரஸ் விசனில் தாரைப் பொறி உடற்பகுதியின் மேல் அமைந்துள்ளதால், அதன் வெளியேறு வளி வாலின் இரு கிளைகளுக்கும் நடுவே தடையின்றிச் செல்கிறது.