'கேம்' என்றொரு சொல்: நீலகிரிக் காடுகளும் பொழுதுபோக்கின் வரலாறும்

வனவிலங்குப் பாதுகாப்பு ஒரு தட்டில், உல்லாசப் பயணம் மறுதட்டில், நடுவே அரசு தராசு பிடித்து நிற்கிறது: தேசியப் பூங்காக்கள் பற்றிய பேச்சு இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. நீலகிரியின் வரலாறு இந்தத் தராசையே சந்தேகப்பட வைக்கிறது.

1877இல் நீலகிரித் துரைமார்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் 'கேம்' மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 'கேம்' என்றால் விளையாட்டு. வேட்டைக்குரிய பிராணி என்றும் பொருள். இந்த இரட்டைப் பொருளைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. குறித்த மாதங்களில் சுடக்கூடாது, மற்ற மாதங்களில் உரிமம் எடுத்துச் சுடலாம். துரை அடுத்த வருஷமும் சுட வேண்டுமானால் இந்த வருஷம் கடமான் மிஞ்ச வேண்டுமல்லவா? இங்கே பாதுகாப்பு பிறந்ததே பொழுதுபோக்கின் வயிற்றில்தான். உரிமத்துக்குக் காசில்லாதவன் தன் வயிற்றுக்காகப் பிடித்தால் அது குற்றம்.

முதுமலை 1940இல் சரணாலயமானது. 1990இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திலும் வேட்டை உரிமத்துக்கு இடமிருந்தது. 1991 திருத்தம்தான் அதை ஒழித்தது. பெரிய காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தையே ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். உள்ளே போக அனுமதிக்கத்தக்க காரியங்களை 28ஆம் பிரிவு அடுக்குகிறது: ஆய்வு, புகைப்படம், சுற்றுலா, இத்யாதி. 35ஆம் பிரிவோ தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலைத் தடுக்கிறது. அனுமதி பெற்றவரின் வாகனமாக வரும் கால்நடைக்கு மட்டும் விலக்கு! மேயும் மாடு குற்றவாளி, சவாரி மாடு விருந்தாளி.

2012 ஜூலையில் உச்சநீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவை நிறுத்தி வைத்தது. அக்டோபரில் தடை நீங்கிற்று. மையப்பகுதியில் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்கு விடலாம் என்று வழிகாட்டு நெறிகள் வந்தன. மசினகுடிப் பக்கத்து யானை வழித்தடத்திலிருந்து ரிசார்ட்டுகளை அகற்ற வழிசெய்த 2020 தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் ரிசார்ட்டுக்காரர்களுக்கு வழக்காடவாவது வக்கு இருந்தது.

2007இல் முதுமலை புலிகள் காப்பகமானது. அதன் பிறகு உள்ளேயிருந்த ஊர்களிலிருந்து செட்டிமார்களும் பணியர்களும் காட்டுநாயக்கர்களும் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 'சுயவிருப்பம்' என்கின்றன கோப்புகள். குடும்பத்துக்கு 10 லட்சம் என்பது அன்றைய திட்டம். தெப்பக்காட்டில் வனத்துறையின் சவாரி வண்டிக்கு இன்றும் சீட்டு கிடைக்கிறது.