லினக்ஸ் நிறுவல்: வைஃபை, துவக்கச் சிக்கல்கள்

லினக்ஸ் நிறுவும்போது பலரைத் திணறடிப்பவை இரண்டு: வைஃபை கிடைக்காதது, கணினி துவங்க மறுப்பது. இரண்டையும் வட்டை அழிக்காமலே பெரும்பாலும் சரிசெய்யலாம்.

வைஃபை சிக்கலின் வேர் பல நேரம் சில்லுக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேரில் இருக்கிறது. இன்டெல் வைஃபை சில்லுகளின் ஃபர்ம்வேர் கட்டற்றதல்ல என்பதால், டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் அதிகாரபூர்வ நிறுவியில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. டெபியன் உருவாக்குநர்களின் 2022 வாக்கெடுப்புக்குப் பின், 2023-இல் வெளியான டெபியன் 12 அத்தகைய ஃபர்ம்வேரையும் சேர்த்தே தந்தது. பழைய பிராட்காம் சில்லுகளுக்கு இன்றும் தனியே பதிவிறக்க வேண்டும். ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையில் சில்லின் பெயரை அறிந்து, கைப்பேசியை யூஎஸ்பி வழியே இணைத்து அதன் இணையத்தில் பதிவிறக்கலாம்.

துவக்கத்தைக் கவனிப்பது க்ரப். பழைய பயாஸ் கணினியில் பின்னர் விண்டோஸ் நிறுவினால், வட்டின் முதல் 512 பைட்டில் உள்ள க்ரப்பின் தொடக்க நிரல் அழிந்துவிடும். யூஇஎஃப்ஐ கணினியில் க்ரப் கோப்பு பொதுவாகத் தனிப் பகிர்வில் பத்திரமாகவே இருக்கும். துவக்க வரிசையை மாற்றினாலே போதும்.

அது பலிக்காவிட்டாலும், பயாஸ் கணினியிலும், லைவ் யூஎஸ்பியில் கணினியைத் துவக்கி, லினக்ஸ் பகிர்வை ஏற்றி, ‘சிஎச்ரூட்’ மூலம் உள்ளே நுழைந்து க்ரப்பை மீண்டும் நிறுவ வேண்டும். யூஇஎஃப்ஐ கணினியில் யூஎஸ்பியையும் அதே முறையில் துவக்குவது அவசியம்.

க்ரப்பின் துவக்கப் பட்டியலில் விண்டோஸ் மட்டும் காணவில்லையா? 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-ப்ரோபர்’ இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, க்ரப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்பத் தோன்றும்.