தாய்வழி வந்த மலடு: 1970இல் மக்காச்சோளம் கற்பித்த பாடம்

பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்க்கும் பணியை அரபு நாட்டு உழவர்கள் தொன்றுதொட்டுக் கைகளாலேயே செய்து வருகின்றனர். மதீனத்து மக்கள் இவ்வாறு செய்துவந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருப்பதை நம்மில் பலர் அறிவோம். மகரந்தம் சேராவிடில் நல்ல விளைச்சல் இல்லை என்பது அன்றே தெரிந்த உண்மை. ஆனால், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் விதை உற்பத்தியாளர்கள் இதற்கு நேர்மாறாக, மகரந்தம் உண்டாகாத செடியைத் தேடினர். அத்தேடல் ஒரு பெரும் வசதியைத் தந்தது. பின்னர் பெரும் இழப்பையும் தந்தது.

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண் பூங்கொத்தும், தண்டின் நடுவே பெண் கதிரும் அமைந்துள்ளன. இரு வேறு வகைகளை இணைத்துப் பெறும் வீரிய ஒட்டு விதை கூடுதல் விளைச்சல் தரும். அவ்விதையைப் பெற வேண்டுமானால், தாய்ச்செடியின் மகரந்தம் அதன் கதிரிலேயே விழாமல் தடுக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு கோடையிலும் ஏராளமான இளைஞர்கள் வயலில் இறங்கித் தாய்ச்செடிகளின் ஆண் பூங்கொத்துகளைக் கையால் பிடுங்கினர். கூலியும் உழைப்பும் மிகுதியாகத் தேவைப்பட்டன.

1944இல் டெக்சாஸ் மாநிலத்தில், 'கோல்டன் ஜூன்' என்னும் மக்காச்சோள வகையில் மகரந்தம் உதிர்க்காத செடிகள் கண்டறியப்பட்டன. இந்த ஆண் மலட்டுத்தன்மை உயிரணுவின் உட்கருவிலிருந்து வருவதன்று. அதற்கு வெளியே, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வருவது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வந்து சேர்வதால், இம்மலடும் தாயிடமிருந்து எல்லாச் சந்ததிக்கும் சென்றது. பூங்கொத்தைப் பிடுங்கும் வேலை தேவையற்றதாயிற்று. உழவரின் வயலில் மணி பிடிக்க வேண்டுமே என்பதற்காக, மகரந்தத்தை மீட்டுத் தரும் மரபணுக்களைத் தந்தைச்செடியின் வழியாகச் சேர்த்தனர்.

வசதி மிகுந்ததால் எல்லோரும் அதையே நாடினர். 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்த டெக்சாஸ் தாய்வழியைச் சார்ந்திருந்தது. விதைப்பைகளில் பெயர்கள் பலவாயினும், உள்ளிருந்த தாய்வழி ஒன்றே. இவ்வகைச் செடிகள் இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இரையாவதைப் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் 1961இலேயே அறிவித்திருந்தனர். அவ்வெச்சரிக்கைக்குப் போதிய செவிசாய்ப்புக் கிடைக்கவில்லை.

1970இல் அந்நோயை உண்டாக்கும் பூஞ்சையின் புதிய இனம் ஒன்று தென்மாநிலங்களில் தொடங்கி, ஈரமும் வெப்பமும் துணைசெய்ய, வடக்கு நோக்கிப் பரவியது. ஒரே பருவத்தில் நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு அழிந்தது. இழப்பு ஏறத்தாழ 100 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது.

காரணம் 1980களில் தெளிவாயிற்று. அச்செடிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்த ஒரு மரபணு, யூ.ஆர்.எஃப்.13 என்னும் புரதத்தை உருவாக்குகிறது. மகரந்தம் வளராமற் போவதற்குக் காரணம் அப்புரதமே. பூஞ்சையின் நஞ்சு வந்து பற்றுவதும் அதே புரதத்தைத்தான்; பற்றியதும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளைகள் உண்டாகி உயிரணு செயலிழக்கிறது. மனிதர் விரும்பிய குணமும் அஞ்ச வேண்டிய பலவீனமும் ஒரே இடத்தில் குடியிருந்தன.

விதை உற்பத்தியாளர்கள் மீண்டும் இயல்பான தாய்வழிக்கும் பூங்கொத்து நீக்கும் பழைய உழைப்புக்கும் திரும்பினர். 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம், முதன்மைப் பயிர்களின் மரபுவழிப் பலவீனம் குறித்து விரிவான அறிக்கை வெளியிட்டது. எனினும் ஆண் மலட்டுத்தன்மை கைவிடப்படவில்லை. 1970 நவம்பரில் சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த ஆண்மலட்டுக் காட்டு நெற்பயிர் ஒன்றே, பின்னர் அந்நாட்டின் வீரிய ஒட்டு நெல்லுக்கு அடிப்படையாயிற்று.

ஆகவே குற்றம் அக்குணத்தில் இல்லை. ஒரு நாடு தன் உணவையெல்லாம் ஒரே தாய்வழியின் மீது ஏற்றியதில்தான் இருந்தது. படைப்பில் காணும் பன்மை வெறும் அழகுக்காக மட்டுமன்று. பஞ்ச காலத்தில் அதுவே காப்பு. நம் முன்னோர் விட்டுச்சென்ற பல்வகை விதைகளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. இலாபம் குறைந்தது என்று அவற்றைத் தொலைத்துவிட்டால், நோய் வரும் ஆண்டில் தேடுவதற்கு எதுவும் எஞ்சியிராது.