ரசகதலி போன வயல்

போன வாரம் ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அண்ணா, தெக்கு வயல்ல மறுபடி ரசகதலி வைக்கலாம்னு நெனைக்கேன். பத்து வருஷம் சும்மா கெடந்த மண்ணுதானே?"

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். பாட்டா காலத்தில் அந்த வயலில் நெல். கூலி கட்டுபடியாகாமல் அப்பா வாழைக்கு மாறினார். 1970களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் இருந்த நெல், இன்று 2 லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தக் கணக்கில் எங்கள் வயலும் உண்டு. சில வருஷம் நல்ல குலை. பிறகு இலை மஞ்சளாகி மடிந்து தொங்கி, மூடு மூடாகப் பட்டுப்போனது. கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்பு. பாளையங்கோடன் மட்டும் தப்பியது.

இதுதான் பனாமா வாடல். பெயரில்தான் பனாமா. இதை முதலில் பதிவு செய்தவர், நான் இப்போது குடியிருக்கும் பிரிஸ்பேனில் வாழ்ந்த டாக்டர் ஜோசப் பேங்கிராஃப்ட். வருஷம் 1876. பிறகு இந்த நோய் மத்திய அமெரிக்காவின் குரோ மிஷேல் வாழைத் தோட்டங்களை அழித்தது. 1960களில் ஏற்றுமதி வியாபாரமே கேவண்டிஷுக்கு மாறியது. நம் பிள்ளைகள் இங்கே கடையில் வாங்கித் தின்பது அதைத்தான். அதையும் கொல்லும் டி.ஆர்.4 என்ற வகை 2015ல் குயின்ஸ்லாந்தின் டுல்லிக்கு வந்தது. பீகாரிலும் இருக்கிறது.

நோய்க்குக் காரணம் ஃபுசேரியம் என்ற பூஞ்சை. அதன் தடித்த ஓடுள்ள வித்துகள் மண்ணில் இருபது, முப்பது வருஷம்கூட உறங்கும். எங்கள் வங்கியில் அசையாமல் கிடக்கும் கணக்கு மாதிரி. வாழை வேர் கசியவிடும் சர்க்கரையும் அமிலங்களும் பட்டால் விழித்துக்கொள்ளும். சின்ன வேர் வழியே நுழைந்து நீர்க்குழாய்களை அடைக்கும். மருந்து தெளித்து மாற்ற முடியாது.

சும்மா போட்டால் போதாதா? போதாது. சில புல், களைகளின் வேரில் நோய் எதுவும் காட்டாமலே அது காலம் தள்ளும். மத்திய அமெரிக்காவில் கம்பெனிகள் தோட்டத்தில் மாதக்கணக்காக நீர் தேக்கிப் பார்த்தன. வாழை வைத்ததும் நோய் திரும்பியது. அடுத்து எந்த வேர் அந்த மண்ணில் இறங்குகிறது என்பதும் முக்கியம். சீனாவில் வாழையோடு வெங்காய இனக் கீரையை மாற்றி நட்டபோது, அதன் வேரிலிருந்து வரும் கந்தகப் பொருள்கள் பூஞ்சையை அடக்கின. நம் பக்கத்தில் வேளாண் துறையினர் சொல்வது, வாழைக்கு முன் நெல்.

தம்பியிடம் சொன்னேன்: "ரெண்டு மூணு வருஷம் நெல் போடு. அப்புறம் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வாங்கி வை. பழைய மூட்டிலிருந்து கன்று எடுக்காதே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நெல்லா? நடுகைக்கு ஆளை நீ அங்கேருந்து அனுப்புவியா அண்ணா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வருஷம் நெல் விதைக்கும் செலவை அனுப்புவதாக மட்டும் சொன்னேன்.