சீலியாக் நோயில் இரத்தக்கசிவு

பல் துலக்கும்போது நுரையில் சிவப்பு, எங்கும் இடித்துக்கொண்ட நினைவே இல்லாமல் தொடையில் கன்றிய நீலத் திட்டு, அடிக்கடி மூக்கில் இரத்தம், மாதவிடாயில் மிகைப்போக்கு. அரிதாக இவையே சீலியாக் நோயின் முதல் அடையாளமாக இருப்பதுண்டு. பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கே இல்லாமலும் இந்நோய் இருக்கும். குடல்மேல் சந்தேகம் எழாததற்கு அது ஒரு காரணம்.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்குவது சீலியாக் நோய். குடலின் உட்சுவரில் விரல்விரலாக நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. கொழுப்பு உடலில் சரிவரச் சேர்வதில்லை. கொழுப்பில் கரையும் வைட்டமின் கே-யும் அதோடு வீணாகிறது. கல்லீரல் உருவாக்கும் உறைவுக் காரணிகளில் 2, 7, 9, 10 ஆகிய நான்கும் வேலை செய்ய இந்த வைட்டமின் வேண்டும். முருங்கைக்கீரையில் அது ஏராளம்தான். குடல் உறிஞ்சினால்தானே பயன்.

நான்கில் முதலில் தீர்ந்துபோவது 7ஆம் காரணி. அதனால் ‘புரோத்ராம்பின் நேரம்’ என்னும் சோதனையில் இரத்தம் உறையத் தாமதமாகிறது. வைட்டமின் கே ஊசி போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையத் தாமதமாகும் நிலையில் தசையில் ஊசி குத்தினால், குத்திய இடத்திலேயே இரத்தம் கட்டிக்கொள்ளலாம்.

2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் நோய் வட இந்தியாவில் 1.23 சதவீதம், தெற்கில், வேலூர் வட்டாரத்தில், 0.10 சதவீதம். நோய்க்கு இடம்தரும் மரபணு இரு பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வேறுபட்டது தட்டு: அங்கே நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம்.

கயத்தாறு, கோவில்பட்டிக் கரிசலின் பழைய உணவான கம்பு, சோளம், குதிரைவாலி எதிலும் குளூட்டன் இல்லை. இன்று அதே ஊர்களில் இரவானால் புரோட்டாக்கல் சூடேறுகிறது. தெற்கில் நோய் அரிது என்ற எண்ணத்தை மருத்துவர்கள் இனியும் அப்படியே வைத்திருப்பது சரியல்ல.

மருந்து, வாழ்நாள் முழுதும் குளூட்டன் இல்லாத உணவே. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரியால் ஆனது. மாவு சேராதவரை தடையில்லை. ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில்தான் கவனம் வேண்டும்: பலவற்றில் மைதா கலந்திருக்கும்.

நோயை உறுதிசெய்ய இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் சிறுகுடல் திசுச் சோதனையும் உண்டு. அவை முடியும்வரை கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரலாம்.