கோலார் தங்கவயலில் தமிழ் எழுத்தறிவும் ஒலியன் உணர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு சொல்லில் அமைந்த ஒலியன்களைப் பிரித்தறியவும் கூட்டவும் நீக்கவும் வல்ல திறனை ஒலியன் உணர்வு என்பர். ‘பால்’ என்னும் சொல் ப், ஆ, ல் என்னும் மூன்று ஒலியன்களால் ஆயது என உணர்தல் இதற்கு எடுத்துக்காட்டாகும். ஆங்கில வாசிப்புக் கல்வியில் இத்திறன் வாசிப்பின் அடிப்படையாகக் கொள்ளப்பட்டுத் தொடக்க வகுப்புகளில் தனியே பயிற்றப்படுகிறது. இக்கருத்தை இந்திய மொழிகளுக்கு அப்படியே பொருத்தலாகுமா? தமிழைப் பேசி, கன்னடம் படிக்கும் சிறார் பலர் வாழும் கோலார் தங்கவயலை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். குழந்தை முதலில் கற்கும் எழுத்து முறையே அதன் ஒலியன் உணர்வைப் பெரிதும் வடிவமைக்கிறது என்பது இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

இக்கருத்துக்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. போர்ச்சுகலில் எழுத்தறியாத வயதுவந்தோர் சொல்லின் முதல் மெய்யை நீக்கிச் சொல்ல இடர்ப்பட்டதை மொராயிசும் உடனாய்வாளரும் 1979இல் காட்டினர். சீன உருவெழுத்தை மட்டும் கற்றவர்க்கு இத்திறன் குறைவாகவும், ஒலியெழுத்தையும் கற்றவர்க்கு மிகுதியாகவும் இருந்ததை ரீடும் உடனாய்வாளரும் 1986இல் வெளியிட்டனர். கன்னடச் சிறாரிடம் அசையுணர்வு விரைந்தும் ஒலியன் உணர்வு மெல்லவும் தோன்றுவதைச் சோனாலி நாகின் 2007ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துரைத்தது.

இலக்கணமும் சுவடியும்

தொல்காப்பியம் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆக முதலெழுத்து முப்பது எனக் கொண்டது. இஃது ஏறத்தாழ ஒலியன் நிலைப் பகுப்பாகும். பள்ளியில் சிறார் கற்றதோ 216 உயிர்மெய்களையும் உள்ளடக்கிய 247 எழுத்துகளை. இலக்கணம் ஒலியனை எண்ண, அரிச்சுவடி அசையைப் பயிற்றியது.

திண்ணைப் பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதி, எழுத்தை உரக்கச் சொல்லிப் பயின்றனர். கண், கை, செவி, வாய் ஆகிய நான்கும் ஒருங்கே இயங்கிய முறை இது. மலையாளப் பள்ளியொன்றில் இம்மணலெழுத்தைக் கண்ட ஆண்ட்ரு பெல், சென்னை எழும்பூர் ஆண் அனாதைகள் இல்லத்தில் அதனைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார்.

ஆயினும் ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியே இருந்தது. புள்ளியில்லாத ‘கல’ என்னும் வடிவத்தைக் கல் எனவும் கல எனவும் படிக்கலாம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் வேறுபடாதிருந்தன. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அவ்வேறுபாட்டைப் புகுத்தினார் என்பர். எனவே சொல்லை முன்னரே அறிந்தவரே சுவடியைப் பிழையின்றிப் படிக்க இயன்றது. அச்சு பரவியபின் புள்ளி நிலைபெற்றது. தொல்காப்பியம் கூறிய தனிமெய், படிக்கத் தொடங்கும் சிறாரின் கண்ணுக்கும் புலனாயிற்று.

தங்கவயலில் தமிழ்

ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் தங்கவயலில் கால்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராகக் குடியேறினர். அவர்களுள் பலர் வழிவழியாகக் கல்வி மறுக்கப்பட்ட சாதியினர். அவர்களிடையே அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பின்னர்த் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவர் 1914இல் மறைந்தார். அவ்விதழை ஜி. அப்பாதுரையார் 1926 முதல் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊரில் தமிழ் இதழ் ஒன்று அச்சாயிற்று என்பது, அங்கே தமிழ் பேச்சுமொழியாக மட்டுமன்றிப் படிப்புமொழியாகவும் நிலவியதைக் காட்டும்.

பிற்காலத்தில் நிலை மாறியது. கோகாக் குழு 1981இல் உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே முதல் மொழியாதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1994ஆம் ஆண்டு அரசாணை முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோ பயிற்றுமொழியாகலாம் என்றது. அரசு தாய்மொழி வழிக் கல்வியைக் கட்டாயமாக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. இதற்கிடையில், 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் நிறைந்த ஊரில், பெற்றோர் கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் நாடுதல் இயல்பே. எனினும் தமிழெழுத்தை இழக்கும் குழந்தை, தன் பேச்சைப் பகுத்துக் காணும் கருவியொன்றையும் உடன் இழக்கிறது.

இரு எழுத்து முறைகள்

தமிழில் மரம், பால், மண் எனச் சொற்கள் மெய்யில் முடிகின்றன. கன்னடத்தில் இவற்றின் இனச்சொற்கள் மர, ஹாலு, மண்ணு என உயிரில் முடிகின்றன. எனவே தமிழ்க் குழந்தை தனிமெய்யைப் புள்ளியுடன் அடிக்கடி காண்கிறது. கன்னடக் குழந்தை இணைமெய்யின் இரண்டாம் உறுப்பை எழுத்தின் அடியில் ஒட்டியே காண்கிறது. மெய்யைத் தனியலகாக உணர்த்துவதில் தமிழெழுத்து முந்துகிறது.

மறுபுறம், வல்லின ஒலிப்பு வேறுபாட்டைத் தமிழெழுத்து காட்டுவதில்லை. ‘கல்’ என்பதன் ககரம் ஒலிப்பற்றது; ‘தங்கம்’ என்பதன் ககரம் மெல்லினத்தை அடுத்து வருவதால் ஒலிப்புடையது. தமிழ் இவ்விரண்டையும் ஒரே ஒலியனின் மாற்றொலிகளாகக் கொண்டு ஓரெழுத்தால் எழுதுகிறது. கன்னடத்திலோ இவை வெவ்வேறு ஒலியன்கள். தெய்வப் பெயராகிய ‘காளி’யும் காற்றைக் குறிக்கும் கன்னடச் சொல்லும் முதல் மெய்யின் ஒலிப்பால் மட்டுமே வேறுபடும், தமிழில் எழுதினால் இரண்டும் ‘காளி’ என்றே அமையும். ‘ராபர்ட்சன்பேட்டை’ என்னும் தங்கவயல் ஊர்ப்பெயரிலும் தமிழ் இருமுறை பகரத்தையே எழுத, கன்னடம் இரு வேறு எழுத்துகளை எழுதுகிறது.

பயிற்றும் வரிசையிலும் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. தமிழ்ப் பாடநூல்கள் ட, ப, ம போன்ற எளிய வடிவங்களிலிருந்து தொடங்குவதுண்டு. மைசூர் மாவட்ட ஹெக்கடதேவனகோட்டையில் 1995இல் தோன்றிய ‘நலி-கலி’ முறையின் முதல் எழுத்துத் தொகுதியில் ஒலிப்புடைய ககரமும் தகரமும் இடம்பெறுகின்றன. தன் மொழியில் மாற்றொலியாக மட்டும் அறிந்ததைத் தமிழ்க் குழந்தை முதற்பாடத்திலேயே ஒலியனாகக் கொள்ள வேண்டியுள்ளது. இங்கு நேரும் பிழையை அறிவுக்குறை எனவோ கவனக்குறைவு எனவோ கொள்ளுதல் பொருந்தாது. அது தாய்மொழி ஒலியமைப்பின் விளைவு.

முடிவுரை

ஆங்கிலத்துக்கென அமைந்த பயிற்சிகளைப் பெயர்த்துத் தருதல் இத்தகைய வகுப்புக்குப் போதாது. அசையிலிருந்து தொடங்கி, க, கா, கி என உயிரை மாற்றியும், கல், பல், சொல் என ஈற்றுமெய்யைக் கேட்கச் செய்தும், அதன்பின் மரம்–மர, பால்–ஹாலு போன்ற இணைகளை அருகருகே வைத்தும் பயிற்றல் வேண்டும். ஒலிப்பு வேறுபாட்டைக் கன்னட எழுத்து வழியும், தனிமெய்யைத் தமிழ்ப் புள்ளி வழியும் உணர்த்தலாம். இவ்வாறு பயிலும் குழந்தைக்கு இரண்டு எழுத்து முறைகளும் சுமையாகாமல் ஒன்றையொன்று விளக்கும். பாடநூல் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிச் சொற்களைப் பொருள் நோக்கி மட்டும் பெயர்க்காது, அவை உணர்த்தவந்த ஒலியன் இலக்குமொழியிலும் உணர்த்தப்படுகிறதா என ஆராய்ந்து தேர்தல் இன்றியமையாதது. தங்கவயலில் தமிழ் படிப்புமொழியாகத் தொடர்வதற்கும் கன்னடம் இடரின்றிக் கற்கப்படுவதற்கும் இதுவே வழியாகும்.