வாயிலும் வரத்தும்: நெடுஞ்சாலைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின் பொருள் குறித்து ஒரு விசாரணை

நெடுஞ்சாலை ஓரத்து வியாபாரம் ஒன்று விஸ்தரிக்கப்படும்போது, சாலையோடு அதனை இணைக்கும் வாயில் இடம் பெயராமலும் அகலம் கூடாமலும் இருக்குமாயின், முன்பு பெற்ற அனுமதியே போதும், போக்குவரத்தையும் பாதுகாப்பையும் குறித்துப் புதிய ஆய்வு வேண்டியதில்லை என்ற அபிப்பிராயம் நம் துறை அறிஞர் சிலரிடையே பல ஆண்டுகளாக நிலவி வருகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம், போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. அதே பிரிவைப் பொறுமையோடு படிப்பவர்க்கு நேர்மாறான முடிவே கிடைக்கும் என்பது என் துணிபு.

வாகனத்தின் மூலமாயினும், ஐவரோ அதற்கு மேற்பட்டவரோ குழுவாக நடந்தாயினும், நெடுஞ்சாலையை அணுகும் உரிமை நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதியின்றி எவர்க்கும் இல்லை என்பதே அப்பிரிவின் சாரம். முந்தைய வியாக்கியானம் இவ்வுரிமையை வாயிலுக்கு உரிய குணமாகக் கொள்கிறது. மதிலில் திறப்பு உண்டா, இல்லையா என்ற வினாவோடு அதன் விசாரணை முடிந்துவிடுகிறது. சட்டமோ உரிமையைக் கட்டடத்தின்மேல் ஏற்றாமல் மனிதர்மேல் ஏற்றி, அவர்கள் வரும் விதத்தையும் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. வாகனமேறி வருவதும் கூட்டமாக நடந்து வருவதும் செயல்கள். செயலுக்கு அளவு உண்டு, அளவு மாறினால் செயலின் தன்மையும் மாறும். நால்வர் நடப்பதற்கு அனுமதி கேளாத சட்டம் ஐந்தாமவர் சேர்ந்தவுடன் கேட்கிறது என்றால், எண்ணிக்கையே அப்பிரிவின் உயிர்நிலை என்று கொள்வதன்றி வேறு எவ்வாறு கொள்வது?

இந்த 'ஐவர்' என்னும் எண், சட்டவிரோதக் கூட்டத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 141-ஆவது பிரிவு வகுத்த எண்ணை அடியொற்றியது, ஆகையால் அது பொது அமைதியைக் கருதியதேயன்றிப் போக்குவரத்தைக் கருதியது அன்று என்று வாதிக்க இடமுண்டு. எண்ணின் பிறப்பிடம் அதுவாகவே இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு சொல்லின் பொருளை அது பிறந்த இடத்தைவிட இப்போது அமர்ந்திருக்கும் இடமே நிர்ணயிக்கும். வாகனத்தின் வருகையோடு ஒரே வாக்கியத்தில் இணைத்து நெடுஞ்சாலைச் சட்டம் பேசும், நடந்து வரும் குழு, கலகக் கூட்டம் அன்று. சாலையைக் கடக்கும் குழு. மேலும், ஏற்கெனவே உள்ள அணுகுரிமையையே ஒழுங்குபடுத்தவும் திருப்பிவிடவும் 30-ஆவது பிரிவு வழி செய்திருப்பதால், அனுமதி என்பது ஒருமுறை அளித்தபின் என்றென்றும் மாறாதது என்ற எண்ணம் அச்சட்டத்துக்கு அந்நியமானது என்றே தோன்றுகிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இரண்டு பெஞ்சுகளோடு இருந்த டீக்கடை ஒன்று, இரவு நேர வெளியூர்ப் பேருந்துகள் நின்று செல்லும் உணவகமாக வளர்வதாகக் கொள்வோம். நடுவில் மீடியன் தடுப்பு தொடர்ந்து இருக்குமிடத்து, இடப்பக்கமாகவே நுழைந்து இடப்பக்கமாகவே வெளியேறும் வாயிலில் வாகனங்கள் மோதத்தக்க முனைகள் இரண்டே. தடுப்பில் எதிரே திறப்பு இருந்து முச்சந்தி போல ஆகிவிட்டால் அவை ஒன்பது. கடை வளர்வதனால் இந்த எண்கள் மாறுவதில்லை. வாயிலை மட்டும் நோக்குபவர் 'பாதிப்பு இல்லை' என்று எழுதுவதன் இரகசியம் இதுவே. மாறுவது, அம்முனைகளில் இரண்டு வாகனங்கள் ஒரே கணத்தில் சந்திக்கும் சந்தர்ப்பங்களின் தொகை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், நம் சாலை வடிவமைப்பு விதிகள் அனுமதிக்கும் 2.5 விநாடி எதிர்வினை நேரத்துக்குள், பிரேக்கை மிதிக்கும் முன்பே 55 மீட்டரைக் கடந்துவிடுகிறார். நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுச் சாலையில் மெல்ல ஏறும் லாரிக்கு அந்த நேரம் போதாது. உள்ளே இடம் நிரம்பியபின் சாலையோரத்திலேயே நிறுத்தப்படும் வண்டிகள், வெளியேறுபவரின் பார்வையையும் மறைத்துவிடுகின்றன. எதிர்த்திசையில் நின்ற பேருந்திலிருந்து ஐம்பது பேர் இறங்கித் தடுப்பைத் தாண்டி வருவார்களாயின், சட்டம் சொன்ன ஐவர் குழு பத்து, ஒரே நேரத்தில் இருட்டில் சாலையைக் கடக்கிறது.

இவ்வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே அச்சாலையில் செல்பவர்களே, ஆகவே புதிய பயணம் எதுவும் உண்டாகவில்லை என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தின் பயண உற்பத்திக் கையேடு வகுத்த 'வழிப்போக்குப் பயணம்' என்ற கருத்தை அவர்கள் இதற்குத் துணையாகக் கொள்கிறார்கள். அம்முறையின் முழுமையையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்றே அஞ்சுகிறேன். ஏனெனில் அத்தகைய பயணங்கள் அடுத்துள்ள சாலையின் புதிய சுமையிலிருந்து மட்டுமே கழிக்கப்படுகின்றன, வாயிலின் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. நேரே சென்றிருக்க வேண்டிய வாகனம் வேகம் தணிந்து திரும்புவதும், மீண்டும் ஓட்டத்தில் கலப்பதும் நிகழும் இடம் அந்த வாயிலே அல்லவா?

களைத்த ஓட்டுநர்க்கு இளைப்பாறும் இடம் வேண்டும் என்பது உண்மை; இளைப்பாறியவர் உயிரோடு சாலைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. சிறு வியாபாரிக்கு ஆய்வு பெருஞ்சுமை என்ற ஆக்ஷேபத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நுழைவோர், வெளியேறுவோர், நடந்து கடப்போர், வெளியே நிற்கும் வண்டிகள் ஆகிய நான்கையும் பேருந்துகள் நிற்கும் இரவு வேளையிலும் பண்டிகைக்கு முந்திய நாளிலும் எண்ணிப் பதிவுசெய்ய, காகிதமும் கடிகாரமும் கொண்ட இருவர் போதும்.

பழைய வாயிலின் வழியே நிகழும் விஸ்தரிப்பும், 28-ஆவது பிரிவின் பொருளில், புதிய அணுகலே ஆகும். புதிய அனுமதிக்கு உரியதும் ஆகும். ஐந்தாமவர் வந்து சேரும்போதே வினா எழ வேண்டும் என்று சட்டம் கருதியிருக்க, ஐம்பதாமவர் வந்து சேர்ந்த பின்னும் வாயிலின் அகலத்தையே அளந்துகொண்டிருக்கும் வியாக்கியானத்தை நாம் இனியும் பின்பற்றுவதற்கு நியாயம் எதையும் நான் காணவில்லை.